அரிவாள்மனையின் பள்ளம்

அங்காளம்மா,

நீ ஏரியில் இறால் தடவிப் பிடித்துவிட்டு வரும்வரை காத்திருக்க முடியாது. கோட்டைக்குக் கிளம்பிவிட்டேன். ஒல்லாந்தர் கப்பலின் உளிகளெல்லாம் துருவேறிக் கிடக்கின்றனவாம். தீட்டி முடிக்க நாலு நாளாகும். கூழ் உறியில் இருக்கிறது. தச்சன் கேசவன் வந்தால் அவனுடைய இழைப்புளியைக் கொடுத்துவிடு, கதவோரம் வைத்திருக்கிறேன்.

உன் நைனா உனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. மூன்று நாளாய்க் கட்டின புருஷன் நான் பேச வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாய்.

செத்துப்போன உன் அம்மாவின் அரிவாள்மனையைப் புதிதாக்கித் தந்தால் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். அலகின் நடுவில் இருந்த பள்ளம் பழுதென்று எண்ணி, இருபுறமும் தேய்த்து நேராக்கிவிட்டேன். “இன்னாய்யா பண்ணிட்ட? எங்கம்மா மீன் அரிஞ்சு அரிஞ்சு தேஞ்ச எடம்யா அது!” என்று நீ கத்தினாய். ஊர் இரும்பையெல்லாம் தீட்டுகிறவனுக்கு அது தெரியவில்லை.

பழைய பழக்கத்தில் மடவையை அதில் வைத்து அழுத்தாதே. அந்தப் பள்ளம்தான் மீனை நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இனி வழுக்கும், விரல் போய்விடும்.

ஓலையில் இடம் தீர்ந்தது, ஓரத்தில் எழுதுகிறேன். அரிவாள்மனையைத் தேய்த்த அன்று சாணைக்கல் தொட்டியின் தண்ணீரை நான் கீழே கொட்டவில்லை. அடியில் படிந்த இரும்புத் தூளை வெயிலில் உலர்த்தி, ஒரு சிப்பியில் போட்டு, விளக்கு மாடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு சிட்டிகைதான் இருக்கும். அதில் கல்தூளும் கலந்திருக்கிறது. பிரித்தெடுக்கப் பார்த்தேன், முடியவில்லை.