துப்பாக்கி அலமாரியின் சாவி

ஜூன் 12, வெள்ளி

வேட்டைக்குப் பணம் கட்டிய விருந்தாளி வந்தாயிற்று. பெயர் பிக்கெட், அமெரிக்கர், தனியாக வந்திருக்கிறார். மாவு, காபித்தூள், முட்டை எல்லாம் கணக்கில் ஏற்றினேன். முட்டை பற்றாது போலிருக்கிறது. மேசையில் நான் ஜெபத்தை முடிப்பதற்குள் முள்கரண்டிச் சத்தம். சுவரில் மாட்டியிருக்கும் கொம்புகளைப் பார்த்து என் கணவரிடம், "இதைவிடப் பெருசா ஒண்ணு காட்டுங்க, வில்லம்" என்றார். கடையில் செருப்பு கேட்பதுபோல.

ஜூன் 13, சனி

பொழுது இறங்கும் நேரத்தில் ஆற்றுப்படுகையில் ஒரு கிழட்டுக் குடு மான் நின்றிருக்கிறது. நல்ல முறுக்குக் கொம்பு. "வேணாம், தூரம் அதிகம், குறுக்கே முள்ளு" என்று வில்லம் சொல்லச் சொல்ல இவர் சுட்டுவிட்டார். மான் முதுகைக் கூனிக்கொண்டு புதருக்குள் ஓடிவிட்டது.

தடம் பார்க்கும் ஃபெஸ்டஸ் சமையலறைப் படியில் நின்று சொன்னான்: "ரத்தம் கம்மிம்மா. பச்சையா தழைச்சாறு. தொரை மானைச் சுடல, அதோட சாப்பாட்டைச் சுட்டிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை. வயிற்றில் பட்டால் சீக்கிரம் சாகாது.

இருட்டில் முள்காட்டுக்குள் தேட முடியாது. நாளை ஞாயிறு. ஞாயிறன்று இந்தப் பண்ணையில் துப்பாக்கி வெளியே வராது; வேட்டைக்கு ஆள் விட ஆரம்பித்த அன்றே நான் போட்ட சட்டம். வழக்கம்போல அலமாரிச் சாவியைத் தையல் டப்பாவில் போட்டு மூடினேன். வில்லம் பார்த்துக்கொண்டே இருந்தார். கேட்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

தேவாலயம் போய் வந்தோம். பாட்டுக்கு வாய் அசைந்தது, அவ்வளவுதான்.

பிக்கெட் முற்றத்தில் நாற்காலி போட்டுப் பீர் குடித்துக்கொண்டிருந்தார். மானைப் பற்றிக் கேட்டேன். "அது எங்க போயிடப் போகுது? நாளைக்குப் பாத்துக்கலாம். கொம்பு கெட்டா போகும்?" சிரித்தார். பல் இடுக்கில் நான் போட்ட உப்புக்கண்டம்.

உள்ளே போய்க் கை கழுவினேன், மறுபடியும் கழுவினேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் — அதையேதானே நானும் செய்திருக்கிறேன்? அவர் பீரோடு, நான் பாட்டோடு. வயிறு கிழிஞ்சு கிடக்கிற அதுக்கு இதுல என்ன வித்தியாசம்? ஆண்டவரே, உமக்காகவா பூட்டினேன், என் பேருக்காகவா?

சாவியை வில்லம் கையில் வைத்தேன்.

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, ஹெஸ்டர்."

"தெரியும். போங்க."

"அப்புறம் வருஷம் பூரா குத்திக்காட்டக் கூடாது."

"மாட்டேன். சீக்கிரம் போங்க."

பிக்கெட்டையும் கூப்பிட்டார்கள். "மத்தியானச் சாப்பாடு என்ன ஆவுறது?" என்றார்.

பொழுது சாய்கையில் ஒரே ஒரு வெடி கேட்டது. அதுவரை உயிரோடு இருந்திருக்கிறது. பின்பக்கத்தை நரிகள் தின்ன ஆரம்பித்துவிட்டனவாம். வில்லம் தொப்பியைக் கழற்றிவிட்டு, மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பச்சைக் கொத்தை வைத்தார் என்று ஃபெஸ்டஸ் சொன்னான். செத்ததற்கு நாங்கள் செய்யும் மரியாதை. வண்டியைக் கழுவப் போய்விட்டான்.

ஜூன் 15, திங்கள்

பிக்கெட்டுக்குப் படம் வேண்டுமாம். முகம் துடைக்க வாளியும் துணியும் என்னிடமே கேட்டார், மானின் முகம் துடைக்க. "நரி தின்ன பக்கம் அடியில போகட்டும். வாயில இருக்கிற குப்பையை எடுங்க."

யாரும் அசையவில்லை. அவரே கொத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்டியிட்டுக் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினார். ஃபெஸ்டஸ் அந்தக் கொத்தைப் பொறுக்கி, மண்ணைத் தட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

துணியை அடுப்பில் போட்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

போய்விட்டார். "அடுத்த வருஷமும் இதே ரூம் குடுங்க" என்றார். அறை காலியில்லை என்றேன். பொய். அதற்காக இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இறைச்சி வீச்சம் தாங்கவில்லை. புதைத்தோம். கணக்கில் இறைச்சிக்கான வரியை வெறுமையாக விட்டேன்.

ஜூன் 20, சனி

புது விருந்தாளிகள், கணவன் மனைவி. காலையில் வில்லம் அவர்களிடம் சொன்னார்: "சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல சுடக் கூடாது. பட்டுட்டு ஓடினா தேட வெளிச்சம் வேணும்." என்னைக் கேட்டுப் போட்ட சட்டமில்லை இது.

மாலையில் நூல் எடுக்கத் தையல் டப்பாவைத் திறந்தேன். ஊசி, நூல், பொத்தான் மட்டும்தான். சாவி அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது.