திருநீறு பூசிய விதைகள்

மச்சாள்,

இன்று காலை வாசல் சீமெந்து முழுக்க ஊதாக் கறை. யாரோ மையைக் கொட்டிவிட்டார்கள் என்று ஏசுவதற்கு வாயெடுத்துவிட்டேன். பிறகுதான் மேலே பார்த்தேன். மதிலோரம் நீங்கள் நட்டுவிட்டுப் போன மரம் பழுத்து நிற்கிறது. முதல் காய்ப்பு.

கீழ்வீட்டு அக்கா ஒன்றைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "நாவலெல்லோ இது? உங்கட மாமி உலகத்தில இல்லாத மரமெண்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிஞ்சா" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். நீங்கள் கண்மூடியபோது கூட இப்படி அழவில்லை. அன்று வீட்டுக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி. பஸ் இரைச்சலும் துறைமுகப் புகையும்தான் எனக்குத் தெரிந்த இயற்கை. உங்கள் தம்பியைக் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தபோது, இந்த வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய பேப்பருக்குள் காய்ந்த இலைகள். "இங்க எல்லாரும் சோறுதானே சாப்பிடுறவை?" என்று அவரிடம் கேட்டேன். அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிற பெரிய மனுஷி, கோபிக்கப்போகிறீர்கள் என்று பயந்தேன். நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

உங்களுக்கென்று ஒரு மரம் இருந்தது. சில பேருக்குச் சொல்லாத காதல் இருக்குமே, அப்படி என்று நான் பகிடி பண்ணுவேன். இரத்தினபுரிக்கு மேலே, ஒரே ஒரு மலைச்சரிவில், ஒரு ஓடைக்கரையில் மட்டும் நிற்கிற மரம். வேறெங்கும் கண்டவர் இல்லை. அதற்குத் தமிழில் பெயரும் இல்லை. "சிங்களத்தில ஹல் எண்டு சொல்லுற மரத்துக்கு ஒண்டுவிட்ட சகோதரம் எண்டு வச்சுக்கொள்ளும்" என்பீர்கள். அதன் பூ மஞ்சளாய், சின்னதாய், தலை குனிந்தபடி பூக்குமாம். எல்லா வருடமும் பூக்காதாம். நீங்கள் அதைப் பற்றிக் கதைக்கும்போது உங்கள் குரலே மாறிவிடும்.

செடி கொடி விஷயத்தில் பொய் உங்கள் வாயில் வராது. கோயிலில் ஐயர் தந்த இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வில்வமில்லை ஐயா" என்று நேரே சொன்ன ஆள் நீங்கள். உங்கள் அம்மா, என் மாமி, வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

ஏதோ ஒரு சின்ன நீர்மின் நிலையத்துக்காக அந்தச் சரிவில் வழி வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட வருடம்தான் மரம் காய்த்தது. எப்படியும் விதையெடுத்துக் கன்றாக்கிவிட வேண்டும் என்று அடைமழையில் ஏறினீர்கள். அட்டைக்கடியோடும் காய்ச்சலோடும் வந்து சேர்ந்தீர்கள். சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஈரப் பாசியில் பொதிந்த விதைகள். குசினி மேசையில் அதை வைத்துவிட்டுப் படுத்தவர்தான், மறுநாள் பின்னேரம் வரைக்கும் கண் திறக்கவில்லை. அந்த விதைகள் காய்ந்தால் செத்துவிடும் என்பது இந்த வீட்டில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

மாமிக்குத் தெரிந்த விதைகள் வேறு. யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு ஓடி வரும்போது நகையைக்கூட மறந்தவர், பாகலும் பயற்றையும் கத்தரியும் சாம்பலில் பிரட்டிப் போத்தல்களில் கொண்டுவந்தார். மகள் மலையேறிக் கொண்டுவந்த விதை நனைந்து அழுகப்போகிறதே என்று அவருக்குப் பதைப்பு. கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? சாமியறைத் திருநீற்றுத் தட்டை எடுத்து, அதற்குள்ளேயே விதைகளைப் போட்டுப் பிரட்டி, சுளகில் பரப்பி மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டார்.

நான் வேலையால் வந்தபோது நீங்கள் மாடியில் நின்றீர்கள். சுளகில் வெள்ளை வெள்ளையாய் விதைகள். உங்கள் முகத்தில் இரத்தமே இல்லை. மாமி பக்கத்தில் நின்று, "நல்லாக் காஞ்சிட்டுது பிள்ளை, இனிப் பழுதாகாது" என்றார். நீங்கள் ஒரு விதையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள்.

"ஓம் அம்மா. நல்லாக் காயவச்சிருக்கிறியள்."

செத்த விதைகளைச் சாடிகளில் ஊன்றினீர்கள். மாமி ஒரு காலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். காய்ச்சல் மாறியதும் திரும்ப மலைக்குப் போனீர்கள். வந்து குசினியில் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: "வெட்டிப்போட்டாங்கள். மரம் நிண்ட இடத்தையே கண்டுபிடிக்கேலாமல் கிடக்கு." நான் உங்கள் கையைப் பிடித்தேன். வெளியே மாமி சாடிகளோடு கதைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் ஒரு சாடியில் முளை வந்தது. "அம்மா, முளைச்சிட்டுது!" என்று நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். மாமி ஓடிவந்து உங்களைக் கட்டிப்பிடித்தார். அன்றிரவு பாத்திரம் கழுவும்போது என் காதருகே வந்து, "நாவல். காகம் போட்டது. வாயைத் திறந்திடாதயும்" என்றீர்கள். வில்வமில்லை என்று ஐயருக்கே சொன்னவர்!

பிறகென்ன, வந்தவர் போனவர் எல்லாரையும் மாமி மாடிக்கு ஏற்றினார். "உலகத்திலேயே ஒரு மலையிலதான் இருந்தது. இப்ப எங்கட வீட்டில." நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டுவீர்கள்.

மாமி களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நீங்கள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தீர்கள். என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, எங்கட வளவில ரெண்டு நாவல் நிண்டது. சட்டையெல்லாம் கறையாக்கி அடி வாங்கி வளந்த எனக்கு நாவல் இலை தெரியாமல் போகுமோ?"

நீங்கள் வருகிறீர்களோ என்று நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

"அண்டைக்கு மாடியில அவளின்ர முகத்தைக் கண்ட உடனயே விளங்கிட்டுது, நான் என்னவோ பிழை விட்டிட்டனெண்டு. என்ர மனம் நோகப்படாதெண்டு பொய் சொன்னவள். நான் நம்பினாத்தானே அவளுக்கு ஆறுதல்? அவளுக்குச் சொல்லிப்போடாத."

சொல்லமாட்டேன் என்றேன். நீங்கள் மருந்தோடு வந்தீர்கள். "நாவலுக்கு" என்று வாய்க்கு வந்ததை மாற்றி, "மரத்துக்குத் தண்ணி ஊத்தினியோ?" என்று மாமி உங்களைக் கேட்டார். ஊற்றினேன் என்றீர்கள்.

மாமி போய், எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த கையோடு நீங்கள் அந்தக் கன்றைச் சாடியிலிருந்து எடுத்து மதிலோரம் நட்டீர்கள். இனி யாருக்காக என்று நான் கேட்கவில்லை. மாமிக்குக் கொடுத்த வாக்கை நீங்கள் இருக்கும்வரை காத்தேன். நீங்களும் காய்ப்பைக் காணாமலே போய்விட்டீர்கள். ஒருவர் மனதை ஒருவர் நோகவிடாமல் வாழ்ந்தீர்கள் என்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் அம்மாவும் மகளும் ஒரு தடவையாவது அந்த மலை மரத்துக்காகச் சேர்ந்திருந்து அழுதிருக்கலாம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்று பிரட்டியதில் ஒரு விதை திருநீற்றுத் தட்டிலேயே தங்கிவிட்டது. உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. நானும் எடுக்கவில்லை. இன்று நாவல் பொறுக்கிய கையைக் கழுவிவிட்டுச் சாமியறைக்குப் போனேன். விரலில் இன்னும் ஊதா போகவில்லை. திருநீறு எடுக்கும்போது வழக்கம்போல அந்த விதை தட்டுப்பட்டது.

"மாமிக்குத் தெரியும், மச்சாள்" என்று சத்தமாகவே சொன்னேன்.