முதுகுத்துணியின் நீளம்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பீரோவின் அடித்தட்டை ஒதுக்கும்போது நம் படக்கதைப் புத்தகம் கையில் அகப்பட்டது. அட்டையில் இன்னும் கஞ்சி வாசனை. கடையில் பொன்கரை போட்ட கசவுச் சேலை அடுக்குக்குள் நீ அதை ஒளித்து வைத்த வாசனை.

பழவங்காடித் துணிக்கடையில் கல்யாணச் சேலைப் பிரிவு உன்னுடையது, பிளவுஸ் துணி என்னுடையது. சேலை எடுக்க வந்த வீட்டுக் குழந்தை ஒன்று மறந்துவிட்டுப் போன புத்தகம் அது. ஒரு மாதமாகியும் யாரும் தேடி வராததால் நமக்கே ஆயிற்று. முழுக்க இங்கிலீஷ். எழுத்துக் கூட்டவே நம் இருவருக்கும் மூச்சு வாங்கும். சாப்பாட்டு நேரத்தில் குடோனில் உட்கார்ந்து படங்களை மட்டும் வாசித்தோம்.

முகம் முழுக்க மூடிய அந்தப் பறக்கும் வீரனின் சண்டையை நான் பார்த்தேன். நீயோ அவன் முதுகில் தொங்கிய சிவப்புத் துணியைப் பார்த்தாய். அதற்கு ‘முதுகுத்துணி’ என்று பெயரும் வைத்தாய். “வரைஞ்சவன் நம்ம கடையில நின்னு வேல பாத்தவனாக்கும் பிள்ளே. நனஞ்ச துணி கனம் வச்சு தொங்கியத பாரு” என்றாய். பார்த்தேன். மழைப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. அவன் தோற்றுவிட்டதை அந்தத் துணியே சொன்னது. என்ன கை அது!

கடைசிப் பக்கங்களில்தான் நமக்குள் சண்டை வந்தது. வீரன் நமக்கு முதுகைக் காட்டி மாடி விளிம்பில் நிற்கிறான். துணி தரையில் இழைகிறது. “இது அவன் இல்ல. வேற ஆளாக்கும்” என்றாய். படம் போட்டவன் தப்பு செய்துவிட்டான் என்றேன் நான். நீ விடவில்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல ஒரு சேலையை உன் தோளில் போட்டாய்; கணுக்காலில் நின்றது. அதையே என் தோளில் போட்டாய், தரையைப் பெருக்கியது. “ஒரே துணி. ஆளு வேற.” குடோனில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் குள்ளத்தைக் கேலி செய்தாய் என்று இரண்டு நாள் உன்னிடம் பேசவில்லை. எவ்வளவு அற்பம்!

மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று மார்த்தாண்டத்தில் உன் வீட்டுக்குப் போனாய். ஓணம் விற்பனைக்குப் பத்து நாள் இருக்கையில், நீ இனி இல்லை என்று போன் வந்தது. உன் பிரிவையும் நீ கடையில் போட்டுக்கொள்ளும் ஓவர்கோட்டையும் என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் நிற்க எனக்குத் தகுதி உண்டா என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். கோட்டை என் உயரத்துக்கு வெட்டித் தைத்துக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். இன்னும் செய்யவில்லை.

நேற்று என் மகள் அந்தப் புத்தகத்தை வாசித்து, கடைசிப் படத்தைக் காட்டிச் சொன்னாள். “அவன் மரிச்சுப்போயி அம்மா. இது அவனோட தங்கச்சியாக்கும்.” புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்து ஜன்னலில் ஒரு பெண், பஸ் ஸ்டாப் கூட்டத்தில் அதே பெண், ஆஸ்பத்திரி வாசலிலும் அவளே. தொடக்கத்திலிருந்தே அவளை ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறான் அந்தச் சித்திரக்காரன். நம் கண்ணில் அவள் படவே இல்லை. ஆனாலும் துணியின் நீளத்தை வைத்தே நீ அவளைக் கண்டுபிடித்தாய். நீ சொன்னதுதான் சரி பிள்ளே. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசிப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் துணியை அவள் வெட்டிச் சுருக்கவில்லை. தரையில் இழைய விட்டே விளிம்பில் நிற்கிறாள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. பறக்கப் போகிறாள்.

இன்று காலை நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே தொங்கும் உன் கோட்டின்மேல் ஒரு பட்டுச் சேலையைப் போட்டுக் காட்டினேன். முந்தி தரையில் இழைந்தது. கல்யாணப் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தபடி அவளிடம் சொன்னேன்: “ஒரே துணிதான் மோளே. ஆளு வேற.”