பளிங்கு வந்த சுவர்

மகனே,

வாஹேகுரு அருளால் கனடாவில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள். உன் தங்கை மகன் ஃபதேபீருக்கு லூதியானா விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அவன் அக்கா நர்ஸ் படிப்பில் முதலாவதாக வந்தாள். உன் தம்பி மகள் இஷ்மீத், பதினைந்து வயதுதான், மாவட்ட அறிவியல் போட்டியில் பரிசு வாங்கினாள். நம் குருத்வாராவின் பழைய சுவரோவியங்களைப் பற்றி எழுதியிருந்தாள். உதிர்ந்த பொடியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அந்தச் சிவப்பு எந்த மண் என்று கண்டுபிடித்தாளாம். அஞ்சாம் வகுப்பு படித்த எனக்கே புரிந்தது.

அப்பா நினைவாக நீ அனுப்பிய பணத்தில் குருத்வாராச் சுவருக்குப் பளிங்கு வந்து இறங்கியது. பழைய சுவரை உடைக்கச் சம்மட்டியோடு ஆட்கள் வந்தபோது, இஷ்மீத் மறித்து நின்று கமிட்டித் தலைவரிடம் கெஞ்சினாள்.

"ஒரு வாரம் பொறுங்க தாத்தா. சுண்ணாம்புக்கு அடியில இன்னும் பழைய ஓவியம் இருக்கு. இப்பத்தான் ஒரு குதிரைக்கால் தெரியுது."

"தள்ளும்மா விஞ்ஞானி!" என்றார் அவர். "குரு வீடு பாலா மின்னப் போவுது. உங்க பெரியப்பா பேரைத்தான் கல்லுல வெட்டப்போறோம். போய் லட்டு கொண்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். மதியத்துக்குள் சுவர் குப்பையாகிவிட்டது.

என் கடிதங்களை எழுதுவது அவள்தான். இந்த முறை, "எழுதி என்ன ஆச்சு பாட்டி?" என்று பேனாவை என்னிடமே கொடுத்துவிட்டாள். பள்ளிக்கும் போவதில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. பக்தியோடுதான் கொடுத்தாய்.

லங்கர் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்ட கமிட்டி உன் படம் கேட்கிறது. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. ஞாயிறுதோறும் அங்கே ரொட்டி பரிமாறுவது இஷ்மீத். சிரிக்காமல் எடுத்து அனுப்பு.

உன் அம்மா