ஆறு லீவர் பூட்டும் ஐந்து வரிச் செய்தியும்

மார்ச் 3, திங்கள்

அச்சகத்திலிருந்து என் பூட்டுக்கடைக்கு ஐந்நூறு நோட்டீஸ் வந்தது. "திருடர்கள் வெறுக்கும் பூட்டு" என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "திருடர்கள் விரும்பும் பூட்டு" என்று அச்சாகி வந்திருக்கிறது. சண்டைக்குப் போனேன். அச்சகக்காரர் நான் எழுதிய காகிதத்தை எடுத்து நீட்டினார். என் கையெழுத்தில் எனக்கே அது 'விரும்பும்' போலத்தான் தெரிந்தது. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மனைவி ஆறுதல் சொன்னாள்: "விடுங்க, திருடனும் மனுசந்தானே. அவனுக்கும் ஒரு கடை வேணாமா?"

பத்தாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டதா, நான் படிப்பை விட்டேனா என்ற தகராறு இன்னும் தீரவில்லை.

மார்ச் 5, புதன்

செய்தித்தாளில் ஏழாம் பக்கம், மூலையில் ஐந்து வரி. பக்கத்துத் தெரு போட்டோக்காரர் வீட்டில் பட்டப்பகலில் கேமரா திருட்டு. கடைசி வரி: "வாசல் பூட்டு உடைக்கப்படவில்லை."

அது என் கடைப் பூட்டு! உள்ளே ஆறு லீவர் தகடு போட்ட தொங்குபூட்டு, என் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. செய்தியையும் அதனோடு வந்த வீட்டுப் படத்தையும் வெட்டி, புது நோட்டீஸுக்காக ஒரு தாளில் ஒட்டி, கீழே கடை பெயரை எழுதி, பெருமையாக மகளிடம் காட்டினேன். அவள் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் வீட்டில் தும்மினால்கூட அது எந்தப் பிரிவில் வரும் என்று பார்க்கிறாள்.

"அப்பா, பொருள் போயிருச்சு, பூட்டு மட்டும் நிக்குது. இது விளம்பரமா, இரங்கல் செய்தியா?"

"நான் விக்கிறது கேமராவா, பூட்டா? பின்பக்க ஜன்னல் வழியா வந்திருப்பான். ஜன்னலுக்கு நானா பொறுப்பு?"

"சரி, நடந்த விஷயம் யாருக்கும் சொந்தமில்ல, தாராளமா சொல்லுங்க. ஆனா எழுதின வரி பத்திரிகையோடது. படம் அதை எடுத்தவரோடது. பேரும் முகமும் அந்த வீட்டுக்காரங்களோடது, கேக்காம போடக் கூடாது. அவங்களே உங்க பூட்டைப் பாராட்டுற மாதிரியும் எழுதக் கூடாது."

"அப்ப எனக்குன்னு என்னதாம்மா சொந்தம்?"

"பூட்டு."

மார்ச் 6, வியாழன்

என் சொந்த நடையில் எழுதினேன். வக்கீலம்மா சிவப்பு மையால் குளிப்பாட்டிவிட்டாள். "தன் சாவி தவிர வேறெதற்கும் திறக்காது" என்ற வரியைச் சுற்றி வட்டம். நிரூபித்துவிட்டு எழுத வேண்டுமாம்.

பேருந்து நிறுத்தத்தில் மாற்றுச் சாவி செய்பவரிடம் ஒரு பூட்டைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினார். இரண்டு கம்பி முறிந்தது. "அண்ணே, இதுக்கு சாவியைத் தொலைச்சா வீட்டை மாத்திக்கிறது சுலபம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

நிரூபணம் முடிந்தது.

மார்ச் 8, சனி

இறுதி வடிவம்: "அண்மையில் நம் பகுதியில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. எங்கள் ஆறு லீவர் பூட்டு மட்டும் அசையவில்லை. தன் சாவி தவிர வேறெதற்கும் திறக்காது."

பேர் இல்லை, படம் இல்லை, பத்திரிகையின் ஒரு சொல்கூட இல்லை. சட்டப்படி குளித்து, தலை துவட்டி, பவுடர் போட்ட நோட்டீஸ். இந்த முறை மகளே எழுதி அச்சகத்தில் கொடுத்தாள். என் கையெழுத்துக்கு வீட்டில் தடை.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டு நாளில் பதினாறு பூட்டு போனது. பூட்டு விற்கும் எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பாவம், எவ்வளவு வலித்திருக்கும்.

நான் எழுத்தாளனாகியிருக்க வேண்டியவன்.

மார்ச் 13, வியாழன்

ஆகாமல் போனதே நல்லது.

மதியம் போட்டோக்காரரின் மனைவி வந்தார். கடையில் ஆள் போகும்வரை தாழ்ப்பாள்களை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நோட்டீஸ்ல எங்க பேரு போடல. நல்லா பாத்துத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா இந்த ஏரியாவுல திருடு போன வீடு எத்தனை? அந்த அஞ்சு வரியை யாரும் படிக்கல. உங்க நோட்டீஸைத்தான் எல்லாரும் படிச்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரரும் படிச்சிட்டாரு."

"படிச்சா என்னம்மா?"

"சாவி ரெண்டு. ஒண்ணு அவர்ட்ட, ஒண்ணு என்கிட்ட. ஜன்னலெல்லாம் உள்பக்கம் சாத்தியிருந்துச்சு. எவனோ கள்ளச்சாவி போட்டிருக்கான்னு சொல்லிச் சமாளிச்சேன். இப்ப நோட்டீஸை மூஞ்சிக்கு நேரா நீட்டி, வேறெதுக்கும் திறக்காதுன்னா கேமரா தானா நடந்து போச்சான்னு கேக்குறாரு."

திருடியது அந்த அம்மாவின் தம்பிதான். அக்காவின் சாவியை எடுத்துத் திறந்து, கேமராவை விற்றுவிட்டு, மூன்றாம் நாள் அழுதுகொண்டே வந்து ஒப்புக்கொண்டிருக்கிறான். எப்படியோ அலைந்து அந்த அம்மா கேமராவை மீட்டு, பழைய துணி மூட்டைக்குள் வைத்திருக்கிறார்.

"யாரோ வாசல்ல போட்டுட்டுப் போன மாதிரி வச்சிரலாம்னு இருந்தேன். இப்ப வச்சா நம்புவாராண்ணே? தம்பி இன்னொரு தப்பு பண்ணா ஸ்டேஷன்தான்னு அவரு ஏற்கெனவே சொல்லியிருக்காரு. இப்பத்தான் வேலைக்குச் சேந்திருக்கான். அவனுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். நாளைக்கு அவரு உங்களக் கேக்க வர்றாரு."

எதையும் செய்யுங்கள் என்று அவர் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டில், ஆளைச் சொல்லாமல் மகளிடம் கேட்டேன்: உண்மையை எழுதியே ஒருத்தருக்குக் கெடுதல் வந்தால்? "சட்டப்படி உங்க மேல தப்பில்லப்பா."

தப்பில்லையாம். அப்புறம் ஏன்யா சோத்தைத் தட்டுல பிசைஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்? எழுதுறது உண்மையான்னு நல்லா பாத்தேன். யாருக்கு வலிக்கும்னு எவனும் கேக்கலயே. நானும் கேக்கல.

மார்ச் 14, வெள்ளி

காலையில் சீக்கிரமே கடை திறந்து, ஒரு ஆறு லீவர் பூட்டைப் பிரித்து, உள்ளிருந்த ஆறு தகட்டையும் உருவினேன். மறுபடி மூடினேன். வெளியே பூட்டு, உள்ளே வெறும் டப்பா. என்னை மாதிரி.

பதினோரு மணிக்குப் போட்டோக்காரர் வந்தார், கையில் நோட்டீஸ்.

"நேராவே கேக்குறேன். இது சாவி இல்லாம திறக்குமா, திறக்காதா?"

அந்த டப்பாவை எடுத்துப் பூட்டினேன். மேஜையில் கிடந்த கொண்டை ஊசியை விட்டுத் திருகினேன். கூச்சமே இல்லாமல் திறந்துகொண்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மெல்ல இறங்கியது. சந்தேகப்பட்டு முடித்த மனிதருக்கு வரும் களைப்பு அது என்று நினைக்கிறேன்.

"அப்ப எவன் வேணா திறந்திருக்கலாம்."

"எவன் வேணா, சார்."

"பின்ன என்னய்யா இப்படி அடிச்சு விட்டிருக்கீங்க? வீட்டுல நாலு நாளா முகம் கொடுத்துப் பேசல நான்!"

"விளம்பரந்தானே சார். கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்."

பூட்டு வாங்க வந்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போனார்கள். போகும் வழியில் எதிர்க்கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

விஷயம் மகள் காதுக்குப் போய்விட்டது.

"ஊசிக்குத் திறக்கும்னு தெரிஞ்சே விநியோகம் பண்றது பொய் விளம்பரம்ப்பா! அன்னைக்கு ஒன்றரை மணி நேரம் திறக்கலன்னு சொன்னீங்களே, என்கிட்டயே புளுகுனீங்களா?"

"ஆமாம்மா."

வாழ்க்கையில் அவளிடம் சொன்ன முதல் பொய் அந்த ஆமாம்தான். அவள் உத்தரவுப்படி வீடு வீடாகப் போய் நோட்டீஸைத் திரும்பக் கேட்டேன். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒரு வீட்டில் அதைக் கப்பல் செய்து வாளியில் விட்டிருந்தார்கள். அசையாத பூட்டு நன்றாகத்தான் மிதந்தது.

மார்ச் 19, புதன்

ஏழாம் பக்கம், நான்கு வரி. திருடுபோன கேமரா ஒரு பையில் வாசலிலேயே கிடைத்ததாம்.

வியாபாரம் இல்லை. ஸ்டூலுக்கு நட் இறுக்கினேன்.

மார்ச் 22, சனி

போட்டோக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். பின்னால் அவர் மைத்துனன். தன் வீட்டு வாசல் பூட்டைக் கழற்றி எடுத்து வந்திருந்தார், இரண்டு சாவியோடு.

"எதிர்க்கடையில புதுசு வாங்கிட்டேன். இதை நீங்களே வச்சுக்கோங்க. புதுசுக்கு மச்சானுக்கும் ஒரு சாவி வெட்டிக் கொடுத்திருக்கேன், வேலை முடிஞ்சு லேட்டா வர்றான் பாருங்க." என் தோளில் தட்டினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. இனிமேலாவது நல்ல சரக்கா வாங்கிப் போடுங்க."

மச்சான் என்னைப் பார்த்தான். பிறகு பூட்டைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கவே இல்லை.

"சரிங்க சார்" என்றேன்.

அவரிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன்: நல்ல பூட்டு சார் இது. அதோட சாவி இல்லாம யாருக்கும் திறந்ததே இல்ல.