படகில் வந்த பதிவு அலுவலரை எங்களிடமே திருப்பி அனுப்பக் கோரி

அனுப்புநர்:
அபிசாய் நைவலு,
படகு இன்ஜின் மெக்கானிக்,
நயவுலா தீவு, பிஜி.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தீவுகள் பதிவு அலுவலகம், சுவா.

பொருள்: பாய் பெற்றதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட அலுவலர் வசிதி கொரோய்புலாவை மீண்டும் பணியில் அமர்த்துதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆனால் அரசின் பதிவேட்டில் நான் பிறந்து நான்கு வாரம்தான் ஆகிறது! இந்தச் சந்தோஷத்தில் எழுத்து தடுமாறினால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. பிறப்புச் சான்றிதழுக்காகச் சுவாவுக்கு ஆறு முறை கப்பல் ஏறினேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாள் குறைந்தது. "பொறக்காத மனுஷன் கூடவாய்யா நான் இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினேன்?" என்று என் மனைவி லூசியானா ஊரே சிரிக்கக் கேட்பாள். அரசு என்றாலே எங்கள் ஊரில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது.

3. அப்படியிருக்க, தங்கள் புதிய சோதனைத் திட்டத்தின்படி வசிதி அம்மையார் மடிக்கணினியும் பிரிண்டருமாகப் படகில் வந்திறங்கினார். "உங்களத் தெரிஞ்ச மூணு பேர் வந்து சொன்னா போதும், நீங்க எங்கயும் அலைய வேண்டாம்" என்றார். ஒரே பகலில் நாற்பத்தொரு பேருக்குச் சான்றிதழ்! நான் என்னுடையதை முகர்ந்துகூடப் பார்த்தேன், ஐயா.

4. அன்று மாலையே பெண்கள் பதினொருவர் தாங்கள் நெய்த தாழைப் பாயை அவருக்குக் கொடுத்தார்கள். "வேண்டாங்க, என் வேலை போயிடும்" என்று அவர் கைகூப்பினார். "பாயைத் திருப்பிக் குடுத்தா எங்க முகத்துல அடிச்ச மாதிரி இல்லையா?" என்று லூசியானா விடவில்லை. விருந்தாளி பாயை மறுத்தால் எங்கள் ஊரையே மறுத்ததாக அர்த்தம். அவர் வாங்கினார், வாங்கியதை அன்பளிப்புப் பதிவேட்டில் எழுதினார், சுவா திரும்பியதும் பாயைத் தங்கள் அலுவலகத்தில் காத்திருப்போர் உட்கார விரித்தும் போட்டார்.

5. தவறு என்னுடையது. பூரிப்பில் வானொலிக்குப் போன் போட்டு, "எங்க ஊர்லயே பெரிய பாயைக் குடுத்தோம்!" என்று நாடே கேட்கப் பீற்றிக்கொண்டேன். மறுநாளே விசாரணை தொடங்கியது. படகும் நின்றுவிட்டது. கடைசி முனைக் குடியிருப்பில் இன்னும் பத்தொன்பது பேர் காத்திருக்கிறார்கள்.

6. வாங்கியதை மறைக்காமல் எழுதியவரைத் தண்டித்தால், அடுத்து வருபவர் எழுதாமல் வாங்குவார். இதைத் தாங்கள் யோசிக்க வேண்டும். அம்மையாரை உடனே பணியில் சேர்த்து, படகையும் அனுப்பிவைக்குமாறு மன்றாடுகிறேன்.

7. அது லஞ்சம்தான் என்று தாங்கள் கருதினால், கொடுத்த பெண்கள் பதினொருவரும் வாய்விட்ட நானும் வியாழக்கிழமைக் கப்பலில் தங்களிடம் வருகிறோம். எங்கள் பெயர், பிறந்த தேதி எல்லாம் இப்போது அரசிடம் சரியாக இருக்கின்றன. வழக்குப் பதியச் சிரமம் இராது.

நாள்: 9.6.2025
இடம்: நயவுலா

தங்கள் பதிவேட்டில் புதிதாய்ச் சேர்ந்த,
(ஒப்பம்) அபிசாய் நைவலு