சாயங்கால இரைச்சல்

குகட்பள்ளி,
3.11.2024

அன்புள்ள சுபா,

நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். நீ இருந்தால் இன்னும் நன்றாக இருப்போம். தபால்தலை கேட்டால் போஸ்ட் ஆபீஸில் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். செல்போன் உங்கள் ரேடியோ தொலைநோக்கிக்கு ஆகாது, வளாகத்துக்குள் விடவே மாட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்!

ஜனவரியில் உன் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்களாமே. கையெழுத்துப் போட்டுவிடாதே, சுபா. நம் ஸ்ரீஜாவுக்கு ஜடை பின்ன எனக்கு இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு புஷ்பா அக்காதான் பின்னிவிடுகிறார். ஸ்ரீஜாவின் படங்கள் வரிசையாக ஓடும் டிஜிட்டல் பிரேம் ஒன்று பார்சலில் வருகிறது. பார்த்துக்கொண்டே இரு.

உன்
ஆண்டனி

தொலைநோக்கி வளாகம்,
1.12.2024

ஆண்டனிக்கு, நிறைய அன்புடன்.

பிரேம் வந்தது. சாயங்காலம் அறைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கிறேன். அவளுக்குப் பல் விழுந்ததை நீ எழுதவேயில்லையே!

இங்கே ஒரு தலைவலி. விண்மீன்களிலிருந்து வருவதே மெல்லிய அலை. அதன்மேல் சாயங்காலங்களில் ஏதோ மின்கருவி கிளப்பும் ரேடியோ இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கணினியில் அதை வெட்டினால் விண்மீனும் சேர்ந்து போய்விடுகிறது. கூட வேலை செய்யும் சுனிலும் நானும் ஜீப்பில் ஆன்டெனாவோடு ஊர் ஊராகத் தேடுகிறோம். அதுதான் காரணமோ என்று ஒரு தையல்காரர் வீட்டு விளக்கைக்கூட மாற்றிவிட்டோம், "கல்யாணத் துணி தைக்கிற நேரத்திலா?" என்று திட்டினார். நாங்கள் தேடிப் போகும் நாளில் மட்டும் இரைச்சல் வருவதே இல்லை. மறுநாள் மறுபடி.

கோபப்படாதே. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களை விட்டு இருப்பதுதான் பிடிக்கவில்லை.

உன்
சுபா

தொலைநோக்கி வளாகம்,
15.12.2024

ஆண்டனி,

கண்டுபிடித்தாகிவிட்டது. நேற்று எனக்கு உடம்பு சரியில்லை என்று சுனில் தனியாகக் கிளம்பினான். ஆன்டெனா காட்டிய பக்கமெல்லாம் போய், கடைசியில் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். "சுபா, உள்ளே என்ன ஓடுது?" என்றான்.

உன் பிரேம்தான். அறையில் எந்த மின்சாதனமும் கூடாது என்று புதியவர்களுக்கு வகுப்பெடுப்பவளே நான். இத்தனை சின்னது என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எத்தனையோ பேருடைய பதிவுகள் குப்பைக்குப் போயின. இயக்குநர் சிரித்துவிட்டு அதை இரும்புப் பெட்டியில் வைத்து மூடினார். இரைச்சல் நின்றது, எல்லோரும் கைதட்டினார்கள். நான் அறைக்கு வந்து அழுதேன்.

என்னால் முடியவில்லை. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நீ ஒரு வரி எழுது, வந்துவிடுகிறேன்.

சுபா

குகட்பள்ளி,
22.12.2024

சுபாக் கண்ணு,

நீ ஏங்கித் திரும்பி வர வேண்டும் என்றுதான் அந்த பிரேமை அனுப்பினேன். நினைத்தது நடந்தது. ஆனால் நீ அழுதாய் என்று படித்ததும் சந்தோஷமே வரவில்லை. அந்த வேலைக்கு நீ எவ்வளவு ஆசைப்பட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

கையெழுத்துப் போடு. நாங்களே அங்கே வந்துவிடுகிறோம். என் வேலை என்னாகும் என்று தெரியவில்லை. பக்கத்து டவுனில் ஏதாவது தேடிக்கொள்கிறேன். குடும்பத்துக்கு வீடு தருவார்களா என்று மட்டும் கேட்டு எழுது.

ஸ்ரீஜாவிடம், "அங்கே போன் கிடையாது, டிவி கிடையாது, பரவாயில்லையா?" என்றேன். வழக்கம்போலத் தெலுங்கில்தான் கேட்டாள்: "அம்ம உந்தா?"

அம்மா இருக்கிறாள் என்றேன். ஓடிப்போய் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். இன்றைக்குப் போகவில்லை என்று சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாள்.

உன்
ஆண்டனி